முதலில் ஆறு, பிறகு விடுதி!

ஓசூருக்குப் பக்கத்தில் தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே கெலவரப்பள்ளி அணை நிற்கிறது. உயரம் 44 அடி. அதன் கால்வாய்களை நம்பிச் சுமார் 8,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. மழைக்காலத்தில் மதகு திறந்துவிடும் நாளன்று அங்கே போகிறவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். ஆற்றில் தண்ணீர் தெரியாது. வெள்ளைவெளேரென்று நுரைதான் தெரியும். அணைக்குக் கீழே உள்ள தரைப்பாலத்தை நுரை மூடிக்கொள்ளும். பால் கொண்டு போகிறவரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், ஷிப்டு முடிந்து திரும்பும் தொழிலாளியும் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று விடுவார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கரையில் நிற்க முடியும்.

இப்படி ஓர் ஆறு ஓடும் ஜில்லாவில் இப்போது "சூழல் சுற்றுலா" என்ற பேச்சு அடிபடுகிறது. அந்தக் காலத்தில் உல்லாசப் பிரயாணம் என்றார்கள். இப்போது உல்லாசம் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சூழல் என்ற சொல்லை முன்னால் வைத்திருக்கிறார்கள். காட்டுக்குள் ஒரு குடில், பண்ணைக்குள் ஓர் அறை, தாவரப் பூங்காவுக்கு நடுவே ஒரு விடுதி. நகரத்துக்காரர்கள் வந்து இரண்டு நாள் தங்கி, மரம் செடி கொடிகளைப் பார்த்து, பறவைகளின் குரலைக் கேட்டுவிட்டுப் போவார்கள். சர்க்காருக்கு வருமானம், ஊராருக்கு வேலை, காட்டுக்குப் பாதுகாப்பு. இதுதான் சொல்லப்படும் கணக்கு. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் அய்யூரில் வனத் துறையின் பூங்காவும் தங்கும் குடில்களும் ஏற்கெனவே இருக்கின்றன. 2024 அக்டோபரில் மாநில சர்க்கார் தமிழ்நாடு முழுவதற்குமாக 40 மலையேற்றப் பாதைகளைக் கட்டணத்துக்குத் திறந்துவிட்டது. பெங்களூர்ப் பணத்தை நம்பித் தனியார் விடுதிகளும் காட்டோரங்களில் முளைத்து வருகின்றன.

இந்த யோசனையை நாம் எப்படிப் பார்க்க வேண்டும்?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மனிதன் ஓய்வெடுப்பதற்கும், ஊர் சுற்றிப் பார்ப்பதற்கும் நாம் விரோதிகள் அல்ல. எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளி வர்க்கம் ரத்தம் சிந்திப் போராடியது எதற்காக? எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் தூக்கம், மீதி எட்டு மணி நேரம் மனிதனாக வாழ்வது என்பதற்காகத்தான். காட்டைக் காண்பதும், ஒரு மரத்தின் பெயரைத் தெரிந்துகொள்வதும், குழந்தைக்கு யானையைக் காட்டுவதும் அந்த வாழ்வில் சேர்ந்தவை. அப்படி வாழ்வதற்கு யாருக்கு வசதி இருக்கிறது, அந்த வசதிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதே நமது கேள்வி.

கோஸ்டாரிகா காட்டும் பாடம்

ஆராய்ச்சி நிலையத்தில் வெளியாரைத் தங்கவைக்கும் ஏற்பாடு உலகத்தில் புதிதல்ல. மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகா என்ற சின்னஞ்சிறு நாடு இருக்கிறது. 1948ல் ராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு அது. வெப்பமண்டலக் காடுகளை ஆராய்வதற்காக அங்கே பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1963ல் ஒரு கூட்டு ஸ்தாபனத்தை அமைத்தன. சாராபிக்கி பகுதியில் லா செல்வா என்ற இடத்தில் அதற்கு ஓர் ஆராய்ச்சி நிலையம். சுமார் 1,600 ஹெக்டேர் காடு. தெற்கே பனாமா எல்லைக்கு அருகே சான் வீட்டோ என்ற ஊர்ப்பக்கம் லாஸ் குருசஸ் என்ற மற்றொரு நிலையம். அங்கே வில்சன் என்ற தம்பதி 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய தாவரத் தோட்டம் 1973ல் அந்த ஸ்தாபனத்தின் கைக்கு வந்தது. பனை இனங்களைச் சேகரித்து வளர்ப்பதில் உலகப் பெயர் பெற்ற தோட்டம் அது.

இந்த நிலையங்களில் விஞ்ஞானிகளும் மாணவர்களும் மட்டுமல்ல, சாதாரணப் பிரயாணிகளும் பணம் கட்டித் தங்கலாம். ஆராய்ச்சி செய்பவரும் வேடிக்கை பார்க்க வந்தவரும் ஒரே உணவுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். காட்டுப் பாதையில் வழிகாட்ட உள்ளூர்க்காரர்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். விருந்தினர் கொடுக்கும் பணம் நிலையத்தின் செலவுக்கு உதவுகிறது. இதில் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. விடுதிக்காக நிலையம் ஏற்படவில்லை. நிலையத்துக்காக விடுதி ஏற்பட்டது. முதலில் ஆராய்ச்சி, பிறகுதான் படுக்கை.

அந்நாட்டில் நடந்த ஆராய்ச்சி உழவனுக்கும் பயன்பட்டிருக்கிறது. காபித் தோட்டத்துக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் காடு இருந்தால், அங்கிருந்து வரும் காட்டுத் தேனீக்களால் காபி விளைச்சல் 20 சதம் கூடுதலாக இருக்கிறது என்று 2004ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. காட்டை வெட்டினால்தான் விவசாயம் என்று பேசியவர்களுக்கு விஞ்ஞானம் கொடுத்த பதில் இது. காட்டைக் காப்பவர்களுக்குப் பணம் கொடுக்க 1996ல் அந்த நாடு ஒரு சட்டம் செய்தது. அதற்கான பணத்தில் பெரும் பங்கு எரிபொருள் மீது போட்ட வரியிலிருந்து வருகிறது.

ஆனால் இதுவே முழுக் கதை என்று நினைத்தால் ஏமாந்து போவோம். அதே கோஸ்டாரிகா நீண்ட காலம் யுனைட்டெட் புரூட் கம்பெனியின் வாழைத் தோட்டமாகக் கிடந்த நாடு. 1934ல் அட்லாண்டிக் கரையில் சுமார் பத்தாயிரம் வாழைத் தோட்டத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் கார்லோஸ் லூயிஸ் ஃபாயாஸ். தோட்டத் தொழிலாளியாகவே வாழ்ந்து, அந்த வாழ்க்கையை நாவலாகவும் எழுதிய கம்யூனிஸ்டு. பின்னர் கம்பெனி பசிபிக் கரைக்கு நகர்ந்தது. தெற்குப் பகுதியில் ஊர்களையும் ரயில் பாதையையும் துறைமுகத்தையும் அமைத்துக்கொண்டு அரை நூற்றாண்டு லாபம் எடுத்தது. 1980களின் நடுவில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன.

இன்றும் லா செல்வா நிலையம் இருக்கும் சாராபிக்கி பகுதியில் வாழையும் அன்னாசியும் கம்பெனித் தோட்டங்களாகப் பரந்து கிடக்கின்றன. அங்கே மருந்தடிப்பவர்களில் பலர் நிகரகுவாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். வேலிக்கு இந்தப் பக்கம் பிரயாணி தவளையைப் படம் பிடிக்கிறான்; அந்தப் பக்கம் தொழிலாளி பூச்சிமருந்தைச் சுவாசிக்கிறான். காட்டைக் காப்பாற்றிவிட்டுக் கூலிக்காரனைக் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது கண்கூடான உதாரணம். கோஸ்டாரிகாவின் நல்லதை மட்டும் விளம்பரத்தில் போட்டுக்கொண்டு, மற்றதை மறைப்பவர்களை நம்பக்கூடாது.

தோட்டங்களின் பழைய கணக்கு

தாவரத் தோட்டம் என்றாலே அது அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

1876ல் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகள் லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே முளைத்த நாற்றுகள் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் இருந்த தாவரத் தோட்டங்களுக்குப் போயின. அங்கிருந்து மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாக மாறின. அந்தத் தோட்டங்களில் பால் வடிக்கக் கப்பலேறிப் போனவர்கள் யார்? தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் தென்னாற்காட்டிலும் பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி ஓடிய நம் மக்கள். தாவரத் தோட்டத்தில் ஒரு விதை முளைத்தபோது, தமிழனுக்கு ஒரு நுகத்தடியும் சேர்ந்து முளைத்தது.

நீலகிரியிலும் இதே கதைதான். ஊட்டியில் 1848ல் பொட்டானிக்கல் கார்டன் தொடங்கப்பட்டது. தென்னமெரிக்காவிலிருந்து எடுத்து வந்த சின்கோனாச் செடிகளை 1860களில் நீலகிரியில் பயிரிட்டார்கள். காய்ச்சலுக்கு மருந்து கிடைத்தது, அது நல்லதுதான். ஆனால் நடுவட்டத்தில் அந்தத் தோட்டங்களை உருவாக்கச் சீனக் கைதிகளைக்கூட வேலை வாங்கினார்கள். பல்லாண்டுகள் கழித்து, சுதந்திர இந்தியாவில், நீலகிரியின் சர்க்கார் பூங்காக்களிலும் பண்ணைகளிலும் வேலை செய்யும் தொழிலாளர்கள் "எங்களை நிரந்தரமாக்கு" என்று பலமுறை வீதிக்கு வர வேண்டியிருந்தது. மலர்க் கண்காட்சிக்கு வரும் பிரமுகர்கள் பூவைப் பார்க்கிறார்கள். அந்தப் பாத்திக்குக் குனிந்து குனிந்து களை எடுத்தவரின் சம்பளச் சீட்டை யார் பார்க்கிறார்கள்?

ஓசூருக்குப் பக்கத்திலேயே பெங்களூர் லால்பாக் இருக்கிறது. 1760ல் ஹைதர் அலி தொடங்கியது. அதன் பெருமை என்னவென்றால், இன்றைக்கும் பெங்களூர்த் தொழிலாளி ஒருவர் குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை போய், சிறு கட்டணத்தில் நிழலில் உட்கார்ந்துவிட்டு வர முடிகிறது. மக்கள் தோட்டம் என்றால் அப்படி இருக்க வேண்டும். வாசலில் நிற்கும் காவல்காரன் செருப்பைப் பார்த்து உள்ளே விடும் தோட்டம் நமக்கு வேண்டாம்.

நம்மிடம் என்ன இல்லை?

நமது ஜில்லாவில் ஆராய்ச்சிக்கும் தோட்டத்துக்கும் பஞ்சமா? இல்லை. மத்திகிரியில் 1824ல் கம்பெனிப் பட்டாளத்தின் குதிரைகளுக்காக ஏற்பட்ட பண்ணை இன்று சர்க்கார் கால்நடைப் பண்ணை. ஆயிரத்தைந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பூமி. பையூரில் விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம்; பையூர் என்ற பெயரிலேயே கேழ்வரகு ரகமும் கொள்ளு ரகமும் இருப்பது நமக்குப் பெருமை. தளியில் இஸ்ரேல் உதவியுடன் கொய்மலர்களுக்கான மகத்துவ மையம். ஓசூர், பாகலூர், பேரிகை வட்டாரங்களில் பசுமைக்குடில்களில் ரோஜா. கிருஷ்ணகிரி முழுவதும் மாந்தோப்பு. மேற்கே காடு: 2014ல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 504 சதுர கிலோமீட்டர், 2022ல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்குச் சரணாலயம் 686 சதுர கிலோமீட்டர்.

இவ்வளவும் இருந்தும் கெலவரப்பள்ளி ஆயக்கட்டு விவசாயி கேட்கும் சாதாரணக் கேள்விகளுக்கு அவன் கைக்கு எட்டும் பதில் இல்லை. இந்த நுரைத் தண்ணீரைக் கேழ்வரகுக்குப் பாய்ச்சலாமா? கீரைக்குப் பாய்ச்சலாமா? கீரையைத் தின்னும் குழந்தைக்கு என்ன ஆகும்? மாட்டுக்குக் காட்டலாமா? கிணற்றில் ஊறும் தண்ணீர் நல்லதா? இதற்குப் பதில் சொல்லும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அணைக்கரையிலேயே இருந்திருக்க வேண்டும். ஆராய்ச்சி வேண்டிய இடத்தில் ஆராய்ச்சி இல்லை. விடுதி வேண்டாத இடத்தில் விடுதி என்றால் எப்படி?

இன்னொரு காட்சியையும் பாருங்கள். ஓசூர் தொழிற்பேட்டையில் மோட்டார், கடிகாரம், கைபேசி என்று உற்பத்தி பெருகியிருக்கிறது. பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் தர்மபுரியிலிருந்தும், தென் ஜில்லாக்களிலிருந்தும், ஒரிஸ்ஸா, ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வேலை செய்கிறார்கள். ஓர் அறையில் பலர். ஷிப்டு மாறி ஷிப்டு. பஸ்ஸில் ஏற்றி ஆலையில் இறக்கி, திரும்பவும் பஸ்ஸில் ஏற்றி விடுதியில் இறக்குவார்கள். முப்பது நாற்பது மைலுக்குள் யானைக் காடு இருந்தும் அந்தப் பெண்கள் அதைக் கண்டதில்லை. ஒரே ஜில்லாவில் இரண்டு விதத் தங்குமிடங்கள்: ஒன்று உழைப்பாளியை அடைத்துவைப்பது, மற்றொன்று பணக்காரனுக்குக் காற்று வாங்கக் கொடுப்பது. சூழல் சுற்றுலா பேசும் கனவான்கள் இந்த முதல் விடுதியையும் ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டும்.

நுரை எங்கிருந்து வருகிறது?

தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தில் ஓடி, பாகலூர்ப் பக்கமாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும் போய், கடைசியில் இந்த ஆற்றில் கலக்கிறது. சோப்புத் தூளின் ரசாயனமும், மனிதக் கழிவும், ஆலைக் கழிவும் சேர்ந்த தண்ணீர் மதகிலிருந்து உயரத்தில் விழும்போது காற்றோடு கலந்து நுரைக்கிறது. சோப்புத் தண்ணீரைக் கையால் அடித்தால் நுரைப்பது போலத்தான். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

2017ல் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்தே எரிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்து, 2018 டிசம்பரில் கர்நாடக சர்க்காருக்கு 50 கோடியும் பெங்களூர் மாநகராட்சிக்கு 25 கோடியும் அபராதம் போட்டது. தீர்ப்பு வந்தது; நுரை நிற்கவில்லை. மழை வந்தால் கெலவரப்பள்ளியில் நுரையும் வருகிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நுரையைக் காட்டி "கன்னடக்காரன் நம்மைக் கெடுக்கிறான்" என்று கிளப்பிவிடச் சிலர் காத்திருக்கிறார்கள். அந்த வலையில் விழக்கூடாது. பெங்களூர்க் குடிசையில் வாழும் கன்னடத் தொழிலாளிக்குச் சாக்கடை வசதியே இல்லை. வர்த்தூர் ஏரிக்கரையில் அவன் குழந்தையும் இதே நாற்றத்தில்தான் வளர்கிறது. குற்றவாளிகள் வேறு: சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் அடுக்குமாடிகளை எழுப்பிப் பணம் குவித்த கட்டிட முதலாளிகள், செலவை மிச்சம் பிடிக்க இரவில் கழிவைத் திறந்துவிடும் ஆலைகள், இவற்றைக் கண்டும் காணாமல் இருந்த நிர்வாகங்கள். நமது பக்கமும் சுத்தமல்ல. ஓசூரின் கழிவும் எல்லாம் முறையாகச் சுத்தம் செய்யப்பட்டுத்தான் போகிறது என்று யாரும் மார்தட்ட முடியாது. கெலவரப்பள்ளியிலிருந்து இறங்கும் தண்ணீர் காமராஜர் காலத்தில் கட்டிய கிருஷ்ணகிரி அணைக்கும், சாத்தனூருக்கும், கடைசியில் கடலூருக்கும் போகிறது என்பதை மறக்கக்கூடாது.

வேடிக்கை என்னவென்றால், வார இறுதியில் இங்கே வந்து "சுத்தமான காற்று" வாங்க வேண்டும் என்று அழைக்கப்படுவதும் பெங்களூரின் வசதி படைத்தவர்கள்தான். அவர்கள் வீட்டுக் கழிவுநீர் அவர்களுக்கு முன்னாலேயே வந்து அணையில் காத்திருக்கிறது!

காடு யாருடையது?

அணையிலிருந்து காட்டுக்கு வருவோம். ஆண்டுதோறும் பனிக்காலத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக வந்து சானமாவு வரை போகின்றன. அது கேழ்வரகு முற்றும் காலம். ஒரே இரவில் ஒரு வருஷத்து உழைப்பு காலியாகிவிடும். பரண் கட்டிக் காவல் இருக்கும் விவசாயிக்கு யானை ஒரு வேடிக்கைப் பொருள் அல்ல. அந்த யானையைக் காட்டிப் பிரயாணியிடம் வசூலிக்கும் பணத்தில் ஒரு பங்கு, யானை மிதித்த வயலுக்கு உடனே நஷ்டஈடாக வர வேண்டாமா?

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைகளில் இருளர் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். எந்தக் கிழங்கு உணவு, எந்தப் பட்டை மருந்து, எந்த மரத்தில் எப்போது தேன் என்பது அவர்களுக்குத் தெரியும். தாவர இயல் பட்டதாரி அவர்களிடம் கேட்டுத்தான் குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு நிலத்தின் மீதும் சிறு வனப் பொருள்கள் மீதும் உரிமை கொடுத்தது. காட்டைப் பாதுகாக்கும் உரிமையைக் கிராம சபைக்குக் கொடுத்தது. பட்டா மட்டும் ஆமை வேகத்தில் வருகிறது.

இன்னொரு சட்டமோ முயல் வேகத்தில் வந்தது. 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தை மத்திய சர்க்கார் 2023ல் திருத்தியது. அதன்படி சர்க்காரின் திட்டத்தில் இடம்பெறும் சூழல் சுற்றுலா வசதிகள் "காடு சாராத காரியம்" அல்ல என்றாகிவிட்டது. அதாவது, காட்டுக்குள் ஏழை குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. விடுதி கட்டினால் வனப் பணி! மிருகக்காட்சி சாலைகளுக்கும் சஃபாரிகளுக்கும் தன் அனுமதி வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவு போட வேண்டி வந்தது.

வனத் துறையின் கையில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று சொல்பவர்களுக்கு வாச்சாத்தியை நினைவூட்டுகிறோம். கிருஷ்ணகிரி 2004ல் தனி ஜில்லாவாகும் வரை நாமும் இருந்த தர்மபுரி ஜில்லாவில்தான் அந்த மலைக் கிராமம் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத் துறை, போலீஸ், ரெவினியூ ஆட்கள் 269 பேர் புகுந்தார்கள். 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். ஊரே சூறையாடப்பட்டது. கம்யூனிஸ்டுகளும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் போராடியதன் பேரில், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011ல் தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பரில் ஐகோர்ட் அதை உறுதி செய்தது. எல்லா வனத் துறை ஊழியர்களும் அப்படிப்பட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. யானைக் காலடியில் உயிரைப் பணயம் வைக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் குறைந்த கூலிக்கு உழைக்கும் ஏழைகளே. ஆனால் காட்டின் சாவி ஓர் இலாகாவின் இடுப்பில் மட்டும் தொங்கக்கூடாது. கிராம சபையின் கையிலும் இருக்க வேண்டும்.

நடக்கக்கூடிய வழி

இது நடக்காத காரியமா? இல்லை. கோவை ஜில்லாவில் பில்லூர் அணைக்கு அருகே பரளிக்காடு என்ற இடம் இருக்கிறது. அங்கே இருளர் மக்களே பரிசல் ஓட்டுகிறார்கள். பெண்கள் களியும் குழம்பும் சமைத்துப் பரிமாறுகிறார்கள். பூச்சமரத்தூரில் தங்கும் குடில்களும் உண்டு. அதற்கும் தெற்கே, தமிழ்நாட்டு வழியாக மட்டுமே ரோடு போகும் கேரளத்துப் பரம்பிக்குளத்தில் காடர், மலசர், முதுவர் மக்களைக் கொண்ட ஊர்க் குழுக்கள் மூலம் வழிகாட்டும் வேலையும் விருந்தோம்பலும் நடக்கின்றன. காடு யாருக்குத் தெரியுமோ அவர்களே காட்டைக் காட்டுகிறார்கள்.

இங்கேயும் குறைகள் இருக்கும். கூலி போதுமா, கணக்கு ஊர்க் கூட்டத்தில் படிக்கப்படுகிறதா, முடிவெடுப்பது இலாகாவா ஊரா என்றெல்லாம் கேட்கத்தான் வேண்டும். எப்படி இருந்தாலும் மலைவாசியை விரட்டிவிட்டு விடுதி கட்டுவதற்கும், மலைவாசியின் கையில் துடுப்பைக் கொடுத்து நடத்துவதற்கும் வித்தியாசம் உண்டு. பின்னதை மேலும் முன்னேற்றலாம். முன்னதை எதிர்த்துப் போராடத்தான் வேண்டும்.

நமது கோரிக்கைகள்

ஆகவே கெலவரப்பள்ளி மக்களின் சார்பில் நாம் கோருவது இதுதான்.

முதலாவது, ஆற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். தமிழ்நாடு, கர்நாடகம், மத்திய சர்க்கார் மூன்றும் சேர்ந்து காலக்கெடுவுடன் திட்டம் போட வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளை வாராவாரம் அணை வாசலில் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி ஒட்ட வேண்டும். இந்த எல்லைப்புறத்தில் மூன்று பாஷைக்காரர்களும் அதே தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது, அணைக்கரையில் ஒரு மக்கள் ஆராய்ச்சி நிலையம் அமைக்க வேண்டும். நுரைத் தண்ணீர் மண்ணுக்கும் பயிருக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் என்ன செய்கிறது என்பதை அது ஆராய வேண்டும். அதைச் சுற்றி ஒரு தாவரத் தோட்டம் வேண்டும். வெளிநாட்டு அலங்காரச் செடிகளுக்குப் பதில், கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை ரகங்களும், இந்த மலைகளின் மரங்களும் மூலிகைகளும் அங்கே வளர வேண்டும். மூலிகை பற்றிய அறிவைக் கொடுக்கும் மலைவாழ் மக்களுக்கு அதில் வரும் பலனில் பங்கு எழுத்து மூலமாக உறுதி செய்யப்பட வேண்டும்.

மூன்றாவது, அந்த நிலையத்தோடு தங்கும் விடுதியும் இருக்கட்டும். ஆனால் அதில் பாதிப் படுக்கைகள் விவசாயிகளுக்கும், சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கும், தொழிற்சங்கங்கள் அனுப்பும் தொழிலாளர் குடும்பங்களுக்கும் அவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் ஒதுக்கப்பட வேண்டும். வசதியுள்ளவர் கூடுதலாகக் கொடுக்கட்டும். அந்தப் பணம் ஆராய்ச்சிக்கும் யானை நஷ்டஈட்டுக்கும் போகட்டும்.

நான்காவது, தோட்டக்காரர், சமையல்காரர், துப்புரவுத் தொழிலாளி, வழிகாட்டி யாராயிருந்தாலும் காண்டிராக்ட் முறை கூடாது. நிரந்தர வேலை, சட்டப்படியான கூலி, பெண்களுக்குப் பாதுகாப்பு, சங்கம் வைக்கும் உரிமை வேண்டும்.

ஐந்தாவது, மத்திகிரி, பையூர் போன்ற சர்க்கார் பண்ணை நிலங்களில் ஒரு சென்ட் கூடத் தனியார் விடுதிக்குக் குத்தகையாகப் போகக்கூடாது. ஓசூர் விமான நிலையத்துக்கு 2,000 ஏக்கர் என்று 2024ல் அறிவித்ததிலிருந்து நிலம் போய்விடுமோ என்று விவசாயி கதிகலங்கியிருக்கிறான். இருக்கும் பொது நிலமாவது பொதுவாக நிற்கட்டும்.

ஆறாவது, காட்டுக்குள் எந்தக் குடில் கட்டுவதானாலும் முதலில் வன உரிமைப் பட்டாக்களைக் கொடுத்து முடிக்க வேண்டும். கிராம சபை சம்மதிக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கு அந்தச் சபையில் படிக்கப்பட வேண்டும்.

இவை ஆகாயத்தைக் கேட்கும் கோரிக்கைகள் அல்ல. நல்ல விருந்தோம்பல் தெரிந்த எந்தக் குடியானவன் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைப் பெருக்குவார்கள். குடத்தில் நல்ல தண்ணீர் வைப்பார்கள். வீட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடக்கும்போது விருந்தாளிக்கு மட்டும் இலை போட மாட்டார்கள். சர்க்காருக்கும் நாம் சொல்வது அதுவே.

பாகலூர் விவசாயிகளும், ஓசூர் ஆலைத் தொழிலாளர்களும், அஞ்செட்டி மலைவாழ் மக்களும், எல்லைக்கு அப்பால் வர்த்தூர் ஏரிக்கரை ஏழைகளும் இந்தப் பிரச்னையில் ஒரே பக்கம் நிற்க வேண்டியவர்கள். ஓரிடத்தில் கூடிப் பேசட்டும். ஒன்றாக மனுக் கொடுக்கட்டும். மனு பலிக்காவிட்டால் ஒன்றாக நடக்கட்டும். கெலவரப்பள்ளி மதகில் நுரையில்லாத தண்ணீர் விழும் நாளில், அந்தக் கரையில் தங்க வரும் விருந்தாளியை வரவேற்க நாமும் முன்னால் நிற்போம். அதுவரை நமது குரல் ஒன்றே: முதலில் ஆறு, பிறகு விடுதி!